பெண் பார்க்கப் போன கணக்கெடுப்பு

உங்கள் மேசைக்கு வரப்போகும் களப்பணி அறிக்கைகளில் மோசமானவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க அனுபவம் தேவையில்லை. அத்தை மகன் எழுதிக் கொடுத்தது, போன வருட மாணவரிடம் வாங்கிப் பார்த்து எழுதியது, கிளம்பாமலே போய் வந்ததாக எழுதியது எல்லாம் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது நல்ல அறிக்கைகளைப் பற்றி. கையெழுத்து அழகாக இருந்து, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாமல், படிக்கப் படிக்க உங்களுக்கே பெருமையாக இருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் டீ குடிக்கப் போகாமல் 'மிகச் சிறப்பு' என்று எழுதினேன். அந்த அறிக்கையில் இருந்த ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது.

நீங்கள் மேற்பார்வையாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். தொலைநிலைக் கல்வியில் சமூகப்பணி சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் விசித்திரமான வேலை. புத்தகம் தபாலில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல்லில் இரவல் வாங்கிய பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு நடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் நாற்பது வயதுக்காரர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர், தறிப்பட்டறையிலிருந்து நேராக வருபவர் என்று எல்லோரும் உண்டு. களத்துக்கு அவர்கள்தான் போவார்கள். நாம் போவதில்லை. அவர்கள் எழுதி வருவதை நாம் படித்து மதிப்பெண் போடுவோம். சமைத்ததைச் சாப்பிடாமல் சமையல் குறிப்பைப் பார்த்து உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சூரமங்கலத்துக்காரன். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டில் கேரளாக்காரர், எதிர்வீட்டில் ஆந்திராக்காரர். நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் யார் யாரிடம் என்ன கேட்டால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

களப்பணிக்குப் போகும் மாணவர்களுக்கு நான் சில விதிகள் வைத்திருந்தேன். பாதி பல்கலைக்கழகக் கையேட்டில் இருந்தவை, பாதி என் சொந்தச் சரக்கு. சொந்த ஊரில் கணக்கெடுப்பு எடுக்கக் கூடாது, அறிமுகமானவர்களிடம் நடுநிலை இருக்காது. இரண்டு பேராகப் போக வேண்டும். சுத்தமாக, மரியாதையாக உடுத்திப் போக வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். உதவித்தொகை வரும், கடன் வரும் என்று வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது, அதனால் காரணத்தை அதிகம் விளக்க வேண்டாம். படிவத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்காமல், பேச்சுவாக்கில் கேட்க வேண்டும்.

முதல் விதிக்கு மட்டும் எதிர்ப்பு வந்தது. மகளிர் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்த மணிமேகலை எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயது. நல்ல ஆகிருதி. அவர் எழுந்தால் பெஞ்சின் மறுமுனையில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"எங்க ஊர்னா கேக்கவே வேண்டாமுங்க சார். ஆரு ஊட்ல என்ன நோவு, ஆரு குடிக்கிறாங்க, எல்லாம் எனக்கே தெரியுமுங்க."

"அதனாலதாம்மா வேண்டாங்கறேன்."

"தெரிஞ்ச ஊரை உட்டுப்போட்டுத் தெரியாத ஊருக்குப் போயி என்னங்க சார் பண்றது?"

"அதுதாம்மா படிப்பு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மணிமேகலையையும் செல்வராசுவையும் ஜோடி சேர்த்து மோகனூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பினேன். செல்வராசுவுக்கு முப்பது வயது இருக்கும். முட்டை குடோனில் வேலை. அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி, ஒன்றாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை.

என் விதிகள் அத்தனையையும் இருவரும் பின்பற்றினார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மணிமேகலை பட்டுச் சேலை கட்டி, இரட்டை வடச் சங்கிலி போட்டிருந்தார். செல்வராசு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஊருக்குள் நுழைந்து வீடு வீடாக உட்கார்ந்து, "சும்மா விவரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோமுங்க" என்றார்கள். எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் எப்படி, பிள்ளைகள் எத்தனை, யார் என்ன படித்திருக்கிறார்கள், குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் நோய் உண்டா என்று கேட்டார்கள். படிவத்தில் 'சமூகம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நேராகக் கேட்டால் முகத்தில் அடித்தது போலிருக்கும் என்று மணிமேகலை தன் வழக்கப்படி, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று பேச்சை ஆரம்பித்தார்.

நாமக்கல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்துக் குடியானவக் குடும்பங்களில் ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பட்டுச் சேலைக்கார அம்மாள், பக்கத்தில் வாய் திறக்காத ஒரு வெள்ளை வேட்டிப் பையனை உட்கார வைத்துக்கொண்டு எந்தக் கூட்டம் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.

அறிக்கை வந்தது. நாற்பது வீடுகள். ஒரு வீட்டிலும் குடிப்பவர் இல்லை. ஒருவருக்கும் நோய் இல்லை. எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. மாமியார்களும் மருமகள்களும் ஒற்றுமையாக இருந்தார்கள். 'மக்கள் நல்ல ஒத்துழைப்பு அளித்தனர், பெரும்பாலான வீடுகளில் காப்பியும் பலகாரமும் வழங்கினர்' என்று முடிவுரை. காவிரிக்கரை ஊர் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டு 'மிகச் சிறப்பு' போட்டேன். கையேட்டின்படி ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்துக்குள் இரண்டாம் முறை போய் விரிவாக எழுத வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது, காப்பி நன்றாக இருந்த ஒரு வீடு.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பின் நடுவில் எனக்கு ஒரு போன் வந்தது. அந்த ஊரைப் பார்த்துக்கொள்ளும் கிராம செவிலியர். மாணவர்கள் முறைப்படி அவர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தில் என் எண் இருந்திருக்கிறது.

"ஏனுங்க சார், உங்க ஆளுங்க இங்க வந்தது சர்வே எடுக்கவுங்களா, பொண்ணு பாக்கவுங்களா?"

"சர்வேம்மா. ஏன் கேக்கறீங்க?"

"ஊர்ல ஆறு ஊட்டுக்கு வெள்ளையடிச்சிருக்காங்க."

நான் சிரிக்கப் போனேன். அவர் விடவில்லை.

"சிரிக்காதீங்க. இங்க கோகிலான்னு ஒரு புள்ள. இருபத்து மூணு வயசு. வலிப்பு இருக்குது. மாத்திரை போட்டா நாலு வருசமா ஒண்ணுமில்லாம நல்லா இருந்தா. உங்காளுங்க வந்துட்டுப் போனதுல இருந்து அவங்கம்மா மாத்திரைய ஒளிச்சு வெச்சிட்டாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க திடீர்னு வந்து பாத்துடுவாங்களாம், மாத்திரை போட்டா புள்ள மந்தமா இருக்காளாம். இன்னிக்குக் காலைல இருந்து ரெண்டு தடவை வந்துருச்சு. நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டா அந்தம்மா போனைப் புடுங்கி, ஒண்ணுமில்ல வர வேண்டாம்னு சொல்லிடுச்சு. சைரன் போட்டு வண்டி வந்தா ஊரே பாக்குமாம், சம்பந்தம் போயிருமாம். மாப்பிள்ளையே இல்லைன்னு நீங்க வந்து சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு இருவரையும் வெளியே கூப்பிட்டேன். செல்வராசு வகுப்பு முடிந்ததும் கடைகளுக்கு முட்டை இறக்கப் போவார் என்பதால் குடோன் வண்டி வாசலில் நின்றது. மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன். மணிமேகலை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "எந்தக் கூட்டம்னு நானுங்க கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஊர் எல்லைக்கு வந்ததும் செல்வராசு மெதுவாக, "சார், அந்த மார்க் குறையுங்களா?" என்றார். பயத்தில் மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள். நான் குறையாது என்றேன். பிறகு, "அங்க போனதும் நான் பேசறேன். உண்மையை நேரா சொல்லிடறேன். நீங்க யாரும் எதுவும் பேசக் கூடாது" என்றேன்.

காப்பி நன்றாக இருந்த அந்த வீட்டிலும் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். கோகிலாவின் அப்பா லாரி ஓட்டி வடக்கே போயிருந்தார். அம்மா வாசற்படியில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். மணிமேகலையைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது. தலைமுடியைச் சரி செய்துகொண்டார்.

"வாங்கக்கா, வாங்க. சொல்லாம வந்துட்டீங்க. புள்ள குளிக்கிறா. இவரு மாப்பிள்ளைக்குப் பெரியப்பாருங்களா?"

பெரியப்பா நான்தான். உள்ளே கட்டில் கால் தரையில் தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது. "சார், மூணாவது தடவைங்க! நிக்க மாட்டேங்குது!" என்று செவிலியர் உள்ளேயிருந்து கத்தினார்.

நான் வழியெல்லாம் தயார் செய்த வாக்கியம் என்னிடம் இருந்தது. "அம்மா, ஒரு தவறு நடந்திருக்கிறது, நாங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து..." என்று தொடங்கும். அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் முதலில் நம்பமாட்டார். பிறகு கேள்வி கேட்பார். பிறகு அழுவார். பிறகு கதவைச் சாத்துவார். நான் வாயைத் திறந்தேன். மணிமேகலை என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

"புள்ள குளிக்கல சாமி. வலிப்பு வந்து கெடக்குது. எனக்குத் தெரியும். அதுக்கு மாத்திரை இருக்குது, போட்டா நல்லாருப்பா. எனக்கு அது ஒரு குறையே இல்ல. புள்ளைய இப்படிப் போட்டு வெச்சிருக்கிறீங்க பாரு, அதுதான் குறை. வழிய உடு."

"அப்ப உங்களுக்குச் சம்மதமுங்களாக்கா?"

"மொதல்ல புள்ள பொழைக்கட்டும். வண்டில ஏத்து."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் வாசற்படியை விட்டு நகர்ந்தார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த சரியான முடிவுகள் அதிகம் இல்லை. அவற்றில் ஒன்று அது.

முட்டைகளை வாசலில் இறக்கினோம். காலி அட்டைகளைப் பரப்பி, அதன் மேல் போர்வை போட்டு, கோகிலாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். செவிலியர் தலையைப் பிடித்துக்கொண்டார். நாமக்கல் மாவட்டத்தில் முட்டை வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருமுனையில் ஒரு பெண் மட்டும் வண்டியை நிறுத்தி, "ஒரு அட்டை குடுத்துட்டுப் போங்க" என்றார். "திரும்பி வாரப்போ தாரேனுங்க" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த செல்வராசு. குரல் சாதாரணமாக இருந்தது.

அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். செல்வராசு வராந்தாவில் சுவரோரம் குந்தி உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நான் பெரியப்பா என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இனி அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். "நாஞ்சொன்ன பொய்யை நானே போயி சொல்றேனுங்க சார்" என்றார் மணிமேகலை. நீங்கள் பொய்யே சொல்லவில்லையே என்றேன். "நீங்க படிச்சவரு, அப்படிச் சொல்லிக்கலாமுங்க" என்றார். அவர்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியும் வாழைப்பழமும் என் உத்தரவு. புதன்கிழமை மருத்துவமனைக்கு நானே தனியாகப் போனேன். என்னென்ன தவறு என்று காட்ட வேண்டியிருந்தால் காட்டலாம் என்று அந்த வீட்டுப் படிவத்தையும் பையில் எடுத்துப் போனேன்.

கட்டிலில் கோகிலா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் கேட்டார்.

"அப்ப எதுக்குங்க எந்தக் கூட்டம்னு கேட்டீங்க?"

நான் பையில் இருந்த படிவத்தைத் தொட்டேன், வெளியே எடுக்கவில்லை.

"மூணு வாரமுங்க. எம்புள்ள கேட்டா. அம்மா, மாத்திரை குடுன்னு கேட்டா. நான் அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சேன். என் கையால ஒளிச்சு வெச்சேன் சாமி." சாத்துக்குடியை மடியில் போட்டுவிட்டு அழுதார். "உங்களுக்கு ஒரு பரீட்சை. எனக்கு ஒரு புள்ளைங்க." என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு அவமானமாக எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

பிற்பாடு அந்த விதிகளில் பாதியை நான் எடுத்துவிட்டேன். எதற்கு வந்திருக்கிறோம் என்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும் என்பது இப்போது முதல் விதி. சொந்த ஊரில் எடுக்கலாம் என்பது இரண்டாவது. பட்டுச் சேலை வேண்டாம் என்று எழுத்தில் போட்டதைப் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். நீங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். யாரைப் பற்றிய கேள்வியோ அவரிடமே கேட்க வேண்டும் என்ற கடைசி விதி மட்டும் எதற்கென்று புரியாமல் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். அது அன்றைக்கு அந்தக் கட்டிலருகே கிடைத்தது.

அம்மா வெளியே போனதும் கோகிலா கண்ணைத் திறந்தாள். தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு மெதுவாக வந்தது.

"நீங்க சர்வேக்காரங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

"எப்படிம்மா?"

"அந்த அண்ணன் காப்பி குடிக்கையில பேப்பரைக் கீழ வெச்சாருங்க. டம்ளர் எடுக்கக் குனிஞ்சப்போ படிச்சேன். ஊட்ல நீண்ட நாள் நோயாளி உண்டான்னு இருந்துச்சு. அம்மா இல்லைன்னாங்க. அவரு இல்லைன்னு எழுதுனாரு. நான் அங்கியேதானுங்க நின்னுட்டிருந்தேன்."

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். நம்பலீங்க." என் பக்கம் திரும்பினாள். "பொண்ணு பாக்க வாரவங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களும் கேக்கல. எங்கம்மாவுக்கு எப்படிங்க வித்தியாசம் தெரியும்?"

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் என் சட்டைப்பையைக் காட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். ஊசி குத்தியிருந்த கையால், நிதானமாக, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினாள். பக்கத்தில் தன் பெயர், வயது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரைக் கணக்கு. பிறகு படிவத்தின் அடிக்குப் போய், 'பதில் அளித்தவர்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை அடித்தாள். அதன் மேல் கோகிலா என்று எழுதி, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.